மூணு கோச்சும் என் கயிறும்

அந்தப் பேப்பரைச் சித்த குடுங்க சார், பஸ்ஸை விட்டு எறங்கறதுக்குள்ள குடுத்துடறேன். கடைசிப் பக்கம் மட்டும் போதுமுங்க. பொம்பளப் புள்ளைங்க கால்பந்துன்னு ஏதோ போட்டிருக்குதுங்களே, அதைத்தான் பாக்கணும். இல்லீங்க, இது எங்க காலேஜ் இல்லை, வேற ஊரு. எங்க காலேஜ் பேரு இனிமே பேப்பர்ல வராதுங்க. அதுக்குத்தான் மூணு பேரு சேந்து பாடுபட்டுட்டுப் போயிட்டாங்களே. பாருங்க, இங்கயும் கோச்சுதான் நடுவுல நிக்கறாரு. கழுத்துல விசிலு, கையில அட்டை. ஓடுனது பூரா புள்ளைங்க, போட்டோ அவருக்கு. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூத்துதானுங்க.

நான் நாமக்கல் பக்கம் ஒரு காலேஜ்ல மார்க்கருங்க. மார்க்கருன்னா நெம்பப் பேருக்குத் தெரியறதில்லை. கிரவுண்டுல சுண்ணாம்புக் கோடு போடறது, பந்துக்குக் காத்தடிக்கறது, கோல் போஸ்ட்டுக்கு வலை கட்டறது, மேட்சு அன்னிக்குத் தண்ணி கேனைத் தூக்கிட்டுப் போறது, எல்லாம் மார்க்கர் வேலைதான். பேரு சென்னியப்பன். முப்பத்தோரு வருஷ சர்வீசு. வர்ற மே மாசத்தோட ரிட்டையர்டு. எங்க கிரவுண்டுல நான் மிதிக்காத இடம்னு ஒரு சாண் கிடையாதுங்க. மழை பேஞ்சா எந்த மூலையில தண்ணி நிக்கும், எந்தப் பக்கம் பந்து எகிறும், எல்லாம் எனக்குக் கண்ணை மூடிட்டே தெரியும். இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்குதுங்க?

முன்னே பசங்க டீமுதான் இருந்துச்சு. பசங்க ஒரு தடவை தோத்துட்டு வர்றப்ப பஸ்ஸு கண்ணாடியை ஒடச்சுப் போட்டானுங்க. காலேஜ் செகரட்டரி அந்த டீமை மூடிட்டு, அஞ்சு வருஷம் முன்னாடி பொம்பளப் புள்ளைங்க டீமை ஆரம்பிச்சாரு. பதினெட்டுப் புள்ளைங்க. டீம்ல இருக்கற புள்ளைக்கு ஹாஸ்டலு, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். அதனாலதான் அதுங்க அங்க இருக்குதுங்க. ஒண்ணு கொல்லிமலை அடிவாரம், ஒண்ணு ராசிபுரத்துக்கு அக்கட்டால, ஒண்ணோட அப்பன் போர்வெல் லாரியில ஊரு ஊரா சுத்தறவரு. டீம் இல்லேன்னா அதுங்க வூட்டுக்குப் போக வேண்டியதுதான். வூட்டுக்குப் போனா அடுத்தது என்னன்னு உங்களுக்கே தெரியும். கல்யாணந்தான்.

முதல் நாலு வருஷம் பி.டி. மிஸ்ஸு ஒருத்தங்க விசில் ஊதுவாங்க, நான் பந்து போடுவேன், புள்ளைங்க ஆடும். நல்லாத்தான் ஆடிட்டிருந்துச்சு. போன வருஷம் செமி பைனல்ல தோத்துட்டோம். செகரட்டரி கூப்பிட்டு, இன்னும் ஒரே ஒரு வருஷம் பாப்பேன், கப்பு வந்தா டீம் இருக்கும், வரலேன்னா ஜூன் மாசத்தோட இழுத்து மூடிருவேன்னு சொல்லிட்டாரு. சொன்னதோட விட்டாருங்களா? கோச்சு போட்டாரு. ஒரு கோச்சு இல்லைங்க. மூணு. பதினெட்டுப் புள்ளைக்கு மூணு கோச்சு. ஒரு கல்யாணத்துக்கு மூணு சமையக்காரன் வெச்சாப்பல.

பெரிய கோச்சு இன்பவல்லின்னு ஒரு அம்மா. முசிறிக்காரங்க. வயசு முப்பத்திரண்டு இருக்கும். ஸ்டேட்டுக்கு ஆடுனவங்களாம். முட்டியில இத்தனை நீளத்துக்கு ஆப்பரேசன் தழும்பு. தன் முட்டியையே காப்பாத்திக்கத் தெரியாதவங்க பதினெட்டுப் புள்ளைங்க முட்டியை எப்படிக் காப்பாத்துவாங்கன்னு நான் அன்னிக்கே நெனச்சேன். ரெண்டாவது டேனியல்னு ஒருத்தரு. அவரு கோலிக்கு மட்டும் கோச்சு. கோலின்னா கோல் போஸ்ட்டுல நிக்கற புள்ளை. நிக்கறதுக்கு ஒரு கோச்சுங்க. ஒரு ஸ்டூலு மேல ஏறி நின்னுட்டு, ரெண்டு கையிலயும் டென்னிஸ் பந்தை வெச்சுட்டு, அந்தப் புள்ளை மேல எறிஞ்சுட்டே இருப்பாரு. மாங்கா அடிக்கறதாட்டம். மூணாவது நஸ்ரின்னு ஒரு சின்னப் பொண்ணு, பிட்னெஸ் கோச்சு. வந்த மறுநாளே புள்ளைங்களைத் தராசுல நிறுத்திட்டு, ஹாஸ்டல்ல பூரி போடக் கூடாது, முட்டையும் சுண்டலும் போடுங்கன்னு சமையக்கட்டுல போயி நின்னுடுச்சு. சமையக்காரரு என்கிட்டதான் வந்து அழுதாரு.

கூம்பு வாங்குனாங்க சார். பிளாஸ்டிக் கூம்பு, அம்பது. ரோட்டுல போலீசு வெக்கறதாட்டம், ஆனா சின்னது. அதை வரிசையா வெச்சு, புள்ளைங்க பந்தைத் தட்டிட்டு அதைச் சுத்திச் சுத்தி ஓடும். மேட்சுல கூம்பா வந்து எதுத்து நிக்கப் போகுது? பொறகு லேப்டாப்பு. தோத்த மேட்சை நிறுத்தி நிறுத்திப் போட்டுக் காட்டுவாங்க. நடந்து முடிஞ்சதைப் பாத்து என்னங்க பண்றது? நான் ஒரு தடவை அந்த ரூம்ல போயி உக்காந்து பாத்தேன். ஒரே புள்ளை ஒரே பந்தை ஏழு தடவை கோட்டை விடுது. எனக்குத் தூக்கம் வந்துருச்சு.

அந்தம்மா என்னை "அண்ணா"ன்னுதான் கூப்பிடுவாங்க. குழைவா இருக்கும். வந்த மாசமே டீம் போட்டோ எடுத்தாங்க. நான் ஓரமா நின்னுட்டிருந்தேன். கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து நடுவுல சேர்ல உக்கார வெச்சுட்டு, அவங்க பின்னாடி போயி நின்னுக்கிட்டாங்க. முப்பத்தோரு வருஷத்துல எவனும் அப்படிப் பண்ணலைங்க. உடனே நான் உசாராயிட்டேன். வேலை வாங்கறவங்க தந்திரம் எனக்குத் தெரியாதா? பொறகு கோச்சுங்களுக்கு மேல்கோட்டு தைச்சப்ப எனக்கும் ஒண்ணு தைச்சாங்க. இதா, இப்பப் போட்டிருக்கேனே, இதுதான். துணி ஒண்ணும் மோசமில்லை.

முதல் சண்டை புள்ளியில வந்துச்சுங்க. பெனால்டி புள்ளி. கோல் போஸ்ட்டுக்கு நேரா, பன்னெண்டு கெஜம் தள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி இருக்குமே, அதுல பந்தை வெச்சுத்தான் பெனால்டி அடிக்கணும். கிரவுண்டுல மத்த கோட்டுக்கெல்லாம் மூலைக்கு மூலை கல்லு நட்டிருக்கு. கல்லுக்குக் கல்லு நூலைப் புடிச்சுக் கோடு போட்டுறலாம். புள்ளிக்கு மட்டும் கல்லு நட முடியாது, புள்ளைங்க கால்ல இடிச்சுக்கும். அதுக்குத்தான் கயிறு. நான் வேலைக்குச் சேந்த வருஷம் அப்ப இருந்த பி.டி. மிஸ்ஸு கமலவேணி அளந்து என் கையில குடுத்த நூல் கயிறு. ஒரு முனையில சுருக்கு. அதைக் கோல் கோட்டு மேல இருக்கற ஆணியில மாட்டி, இழுத்துப் புடிச்சா, இன்னொரு முனை எங்க வருதோ அங்க புள்ளி. அவ்வளவுதான் வேலை.

அந்தக் கயித்தை நான் எப்படி வெச்சிருக்கேன்னு நீங்க வந்து பாக்கணும். நனைய விட மாட்டேன். எலி கடிக்க விட மாட்டேன். ஷெட்டுல தனி ஆணி அதுக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வெப்பேன். ஆணியில மாட்டி மாட்டி அந்தச் சுருக்கு மட்டும் நைஞ்சு போகும். அதுக்காகத் தூக்கி எறிஞ்சிட முடியுங்களா? வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னாடி, நைஞ்ச முனையை ஒரு ரெண்டு விரக்கடை, ரெண்டு விரல் அகலந்தான், வெட்டிப் போட்டுட்டு, மறுக்கா புதுசாச் சுருக்குப் போட்டுருவேன். முப்பத்தோரு வருஷமா ஒரே கயிறு. வேற எந்தக் காலேஜ்லயாவது உண்டுங்களா?

அந்தம்மா வந்த முதல் வாரமே டேப்பை எடுத்துட்டு வந்து கிரவுண்டை அளந்தாங்க. மஞ்சள் கலர்ல டப்பாவுக்குள்ள சுருளுமே, அந்த டேப்பு. அளந்துட்டு வந்து, "அண்ணா, புள்ளி மூணு அடி முன்னால இருக்கு, தள்ளிப் போட்டுருங்க"ன்னு சொன்னாங்க. சிரிச்ச மொகமாத்தான் சொன்னாங்க. எனக்கு அப்படியே ஒடம்பெல்லாம் எரிஞ்சுதுங்க. நேத்து வந்தவங்க, நேத்து வாங்குன டேப்பை வெச்சுட்டு என் கயித்துக்குத் தப்புச் சொல்றாங்க. ஆனாலும் சரிங்க மேடம்னேன். அவங்க கண்ணு முன்னாடியே அழிச்சுட்டுத் தள்ளிப் போட்டேன். பத்து நாள்ல மழை வந்து எல்லாம் கரைஞ்சு போச்சு. மறுக்கா போடறப்ப கயித்தை எடுத்தேன். கயிறு எங்க சொல்லுச்சோ அங்க போட்டேன். அவ்வளவுதானுங்க.

சொன்னா நம்ப மாட்டீங்க, அதுக்குப் பொறகு அந்தம்மா அளக்கவே இல்லை. ஜூலையில அளந்ததோட சரி. அண்ணா போட்டாச்சுன்னா சரியாத்தான் இருக்கும்னு டேனியல்கிட்டச் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். ஒரு கோச்சு அப்படிச் சொல்லலாமுங்களா? ஒரு தடவை தப்புன்னு கண்டுபுடிச்ச ஆளு, திரும்ப ஒரு தடவை அளந்து பாக்க வேண்டாமா? ஆளை நம்பிட்டா ஆச்சுங்களா? பொறுப்புங்கறது சுத்தமாக் கிடையாதுங்க அந்தம்மாகிட்ட.

ஆனா பாருங்க, புள்ளைங்க பெனால்டி அடிக்கறது இந்த வருஷம் நெம்ப நல்லாருந்துச்சு. பத்துக்கு ஒம்பது உள்ள. அந்தக் கொல்லிமலை அடிவாரத்துப் புள்ளை தவமணின்னு சொல்லுவாங்க, அது பத்துக்குப் பத்து அடிக்கும். ஓடி வந்து, மெதுவா, ஓரமா ஒரு தட்டு. உள்ள. டேனியல்தான் மண்டையைப் பிச்சுக்குவாரு. இந்தக் கோலி புள்ளை மத்த பந்தையெல்லாம் புடிக்குது, பெனால்டி மட்டும் ஏன் ஒண்ணும் சிக்க மாட்டேங்குதுன்னு. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன். அது ராசியான புள்ளி சார், என் கை பட்ட புள்ளின்னு அவருகிட்டயே சொன்னேன். அவரும் சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

பிப்ரவரியில பைனல். சேலத்துல. பைனல் வரைக்கும் வந்ததுக்கு அந்த மூணு பேருதான் காரணம்னு காலேஜ்ல ஒரே பேச்சு. கூம்பைச் சுத்துனதுனால வந்துட்டாங்களாம். சரி, சொல்லிக்கட்டும்னு விட்டேன். மேட்சு ஒண்ணுக்கு ஒண்ணு. கடைசியில பெனால்டிக்கு வந்துச்சு. ஒரு பக்கத்துக்கு அஞ்சு. எனக்கு அப்ப எவ்வளவு சந்தோஷங்கறீங்க? பெனால்டின்னா எங்க புள்ளைங்களை அடிச்சுக்க ஆளே இல்லை. தண்ணி கேனைக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டேன்.

எதுத்த டீமு முதல்ல அடிச்சாங்க, உள்ள போச்சு. எங்க பக்கம் முதல் புள்ளை போயி வழக்கமாட்டம் மெதுவா ஓரத்துல தட்டுச்சு. அவங்க கோலி அலட்டிக்காம ரெண்டு எட்டு வெச்சுப் போயிப் புடிச்சுட்டா. எனக்குச் சட்டுனு தெரிஞ்சு போச்சுங்க. புள்ளி தள்ளி இருக்குது. முப்பத்தோரு வருஷமாப் பாத்த கண்ணுங்க இது, ஏமாத்த முடியுமா? உள்ளூர்க்காரன் வேணும்னே தள்ளிப் போட்டிருக்கான்னு சத்தம் போட்டுட்டு நேரா ரெஃப்ரிகிட்டப் போயிட்டேன். அந்தம்மா "அண்ணா, அண்ணா"ன்னு பின்னாடியே ஓடி வந்தாங்க. நான் விடலை. அளந்து காட்டுனாத்தான் ஆச்சுன்னு புள்ளி மேலயே நின்னுக்கிட்டேன்.

அந்த ரெஃப்ரி நல்ல மனுசன். வெளிய போன்னு சொல்லியிருக்கலாம், சொல்லலை. டேப்பு கொண்டாரச் சொன்னாரு. கோல் கோட்டுல ஒருத்தரு, புள்ளியில ஒருத்தரு புடிச்சாங்க. பதினோரு மீட்டர். அதாவது பன்னெண்டு கெஜம். மயிரிழை தப்பில்லை. டேப்பை என் கண்ணு கிட்டக் கொண்டாந்து காட்டுனாரு. கூட்டம் பூரா சிரிச்சுது. எங்க புள்ளைங்க பதினெட்டும் வரிசையா நின்னு பாத்துட்டிருந்துச்சு. அந்தம்மா மட்டும் சிரிக்கலை. டேப்பைப் பாத்தாங்க. புள்ளியைப் பாத்தாங்க. பொறகு என்னைப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டலை.

திரும்பி ஓடிப் போயி புள்ளைங்களைச் சுத்தி நிக்க வெச்சு, வழக்கமா அடிக்கறதை விட வேகமா அடிங்க, இன்னும் மூணு அடி தூரம்னு நெனச்சுக்கோங்கன்னு சொல்லிக் குடுத்தாங்க. பரீட்சை எழுதப் போற வாசல்ல புதுப் பாடம் நடத்தறது இதுதானுங்க. ரெண்டாவது புள்ளை வேகமா அடிச்சுது, பந்து போஸ்ட்டுக்கு மேல பறந்து போச்சு. மூணாவதும் நாலாவதும் எப்படியோ உள்ள தள்ளிட்டாங்க. நடுவுல எங்க கோலி ரெண்டு பந்தைப் புடிச்சுது. டேனியலு குதிச்சாரு. புடிச்சது புள்ளை, குதிக்கறது அவரு. அவங்களுக்கு மூணு, எங்களுக்கு ரெண்டு, கடைசி அடி தவமணிக்கு. உள்ள போனா ஆட்டம் நீளும். போகலேன்னா கப்பும் இல்லை, டீமும் இல்லை. அந்தப் புள்ளைக்கும் தெரியும். ஓடி வந்துச்சு. பாதியில ஒரு நொடி தயங்கிக் குனிஞ்சு பந்தைப் பாத்துச்சு. வேகமா அடிக்கறதா, மெதுவா அடிக்கறதான்னு அதுக்கே தெரியலை. அடிச்சுது. அவங்க கோலி விழுந்து பந்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

தவமணி அப்படியே அந்தப் புள்ளி மேலயே உக்காந்துருச்சு. அந்தம்மாதான் போயித் தூக்கிட்டு வந்தாங்க. அந்த முட்டியோட.

மறுநாள் வெடியால ஆறு மணிக்கு நான் ஷெட்டுக்குப் போறேன், அந்தம்மா எனக்கு முன்னாடி கிரவுண்டுல. தனியா. டேப்போட ஒரு முனையைக் கல்லு வெச்சு அமுக்கிட்டு, எங்க புள்ளி வரைக்கும் இழுத்துட்டுப் போயிக் குனிஞ்சு பாத்தாங்க. அங்கயே சித்த நேரம் உக்காந்திருந்தாங்க. பொறகு டேப்பைச் சுருட்டிட்டு நேரா ஷெட்டுக்கு வந்தாங்க. ஆணியில தொங்குன கயித்தைக் கையில எடுத்து, சந்தனம் காஞ்சிருந்த சுருக்கைத் தடவிப் பாத்தாங்க. இந்தச் சுருக்கு எத்தனை தடவை மாத்துனீங்கண்ணான்னு கேட்டாங்க. வருஷா வருஷம் தவறாம மாத்தறனுங்க மேடம்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும்? "உங்களுக்கு ரிட்டையர்டு எப்பங்கண்ணா?"ன்னாங்க. வர்ற மே மாசம்னேன். கயித்தை அதே ஆணியில மாட்டிட்டுப் போயிட்டாங்க. கப்பைத் தோத்த மறுநாள் ஒரு கோச்சு கேக்கற கேள்வியாங்க இது?

பதினோரு மணிக்குச் செகரட்டரி ரூம்ல விசாரணை. மூணு கோச்சும் உள்ள நிக்கறாங்க. நான் கதவோரம். சேலத்துல அளந்த கதை அவரு காதுக்குப் போயிருந்துச்சு. நம்ம கிரவுண்டுல ஏதோ அளவு தப்புன்னு பேசிக்கறாங்களே, அது யாரு பாக்கற வேலைன்னு கேட்டாரு. எனக்குக் கையெல்லாம் வேர்த்துப் போச்சுங்க. எதுக்கு வேர்த்துச்சுன்னு கேக்காதீங்க, அந்த ரூம்ல நின்னா யாருக்கும் வேர்க்கும். டேனியலு வாயைத் தொறந்தாரு. அந்தம்மா அவரு கையைப் புடிச்சு நிறுத்திட்டாங்க.

"அளவு பாக்க வேண்டியது கோச்சுங்க சார். தப்பு என்னுது"ன்னாங்க.

பாத்தீங்களா? அவங்க வாயாலேயே ஒத்துக்கிட்டாங்க. நான் சொன்னனா? அவங்களே சொன்னது. தப்புப் பண்ணாதவங்க ஒத்துக்குவாங்களா? மூணு பேரையும் அன்னிக்குப் பொழுதோடவே அனுப்பிட்டாங்க. நஸ்ரின் அழுதுட்டே போச்சு. டேனியலு ஸ்டூலைக் கூடத் திருப்பிக் குடுக்கலை, ஷெட்டு வாசல்லயே போட்டுட்டுப் போயிட்டாரு. அந்தம்மா என்கிட்ட வந்து, ஒடம்பைப் பாத்துக்கோங்கண்ணான்னு சொன்னாங்க. நான் சுண்ணாம்பு கரைக்கப் போயிட்டேன்.

சனியன் விட்டுதுன்னுதான் நெனச்சேன். ஆனா புள்ளைங்க என்கிட்டப் பேசறதை நிறுத்திருச்சுங்க. கிரவுண்டுல நான் வர்றேன்னா அந்தப் பக்கமாப் போகும். முன்னெல்லாம் மார்க்கரண்ணா, மார்க்கரண்ணான்னு உசுரை வாங்கும். இப்ப தண்ணி குடுத்தாக்கூட வேண்டாங்குது. சின்னப் புள்ளைங்க கோபம், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு இருந்தேன். அப்புறம் ஒரு நாள் தவமணி ஷெட்டுக்கு வந்துச்சு. ஹாஸ்டல்ல பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டாங்களாம். அதோட அப்பன் மாப்பிள்ளை பாத்துட்டாராம், வைகாசியில கல்யாணம் வெச்சுரலாம்னு சொல்லி விட்டிருக்காராம். இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்குது அந்தப் புள்ளைக்கு.

நான் என்ன அம்மணி பண்ண முடியும், கோச்சு பண்ணுன வேலைன்னேன். அப்ப அது என்னை நேராப் பாத்துச் சொல்லுச்சுங்க. "நீங்க கேட்டுத்தானே சேலத்துல அளந்தாங்க மார்க்கரண்ணா. நாங்க எல்லாரும் பாத்துட்டுத்தானே இருந்தோம். எங்களால சொல்ல முடியாது. நீங்க ரிட்டையர்டு ஆகற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு மேடம் எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காங்க."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே சார். நான் கேட்டனா? என்னைக் காப்பாத்துங்கன்னு நான் அந்தம்மா கால்ல போயி விழுந்தனா? முப்பத்தோரு வருஷம் மரியாதையா வேலை பாத்தவனுங்க நான். எனக்கு இரக்கப்பட அவங்க யாரு? அந்தப் புள்ளைகிட்டயே கத்திட்டேன். அது பயப்படலை. கேட்டுட்டு நின்னுட்டு, வர்ற மூணாவது திங்கக்கிழமை கமிட்டி மீட்டிங்குல டீமை மூடறதுக்குக் கையெழுத்துப் போடப் போறாங்க, அதுக்குள்ள புள்ளி தப்புன்னு நீங்க சொன்னா இன்னும் ஒரு வருஷம் டீமை விட்டு வெப்பாங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அது சொல்லி ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. வர்ற திங்கக்கிழமைதானுங்க அந்த மீட்டிங்கு. நாளான்னிக்கு.

அன்னிக்கு அது போன பொறகு நானும் அளந்தேன். வெறும் பாக்கறதுக்காக. கயித்தைக் கீழ போட்டு, பக்கத்துல டேப்பைப் போட்டேன். முப்பத்திமூணு அடி சுமாரு. இருக்க வேண்டியது முப்பத்தாறு. மூணு அடிங்க. மூணு அடியெல்லாம் ஒரு தூரமுங்களா? இந்தா, நான் இங்கிருந்து கையை நீட்டுனா அந்த ஜன்னல் கம்பி எட்டும். அவ்வளவுதான் மூணு அடி. அதுக்கு ஒரு கப்பு போகுமா, பதினெட்டுப் புள்ளைங்க வூட்டுக்குப் போகுமா? அந்தப் பக்கத்துப் புள்ளைங்க அதே தூரத்துல இருந்துதானே அடிச்சாங்கன்னு நீங்க கேக்கலாம். அவங்க அந்தத் தூரத்துலயே பழகுனவங்க. சரி விடுங்க.

நேராச் செகரட்டரிகிட்டப் போயிச் சொல்லியிருக்கலாம், அதுவும் சரிதான். ஆனா அந்தம்மா அவருகிட்ட ஒண்ணு சொல்லி வெச்சிருக்காங்க. இப்ப நான் போயி வேற ஒண்ணு சொன்னா, அவங்க பொய் சொன்னதா ஆயிருமில்லீங்களா? அது நல்லாருக்காது. அதனால முதல்ல முசிறிக்குப் போயி அவங்களைப் பாத்து, இந்தா பாருங்கம்மா, உங்க பெரிய மனசெல்லாம் எனக்கு வேண்டாம், வாங்க, திங்கக்கிழமை ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போயி உள்ளதைச் சொல்லிப் போடலாம்னு கூட்டிட்டு வரலாம்னுதான் கெளம்புனது. மே மாசம் என்ன ஆகுமோ ஆகட்டும். அவங்களுக்கு வேலை போனது அவங்க ஏமாளித்தனம், அதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை. புள்ளைங்களுக்காகத்தான்.

முசிறி கைகாட்டி ஸ்டாப்புல எறங்கி ரெண்டாவது தெருவாம் அவங்க வூடு. போன சனிக்கிழமையும் இதே பஸ்ஸுதானுங்க. அதுக்கு முந்தின சனிக்கிழமையும் இதேதான். ரெண்டு தடவையும் முசிறி வர்றப்ப கண்ணு அசந்துருச்சு. முழிச்சுப் பாத்தா திருச்சி. அங்க ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல வூட்டுக்கு வந்துட்டேன். சம்சாரத்துகிட்டப் பாத்துட்டு வந்தேன்னு சொல்லிட்டேன். என்ன சொன்னாங்கன்னு கேட்டா. நல்லாருக்காங்கன்னு சொன்னேன்.

தொட்டியம் தாண்டிருச்சுங்களா? வாழத் தோப்பு வந்துருச்சே, அப்பத் தாண்டியிருக்கும். இன்னும் கால் மணி நேரம். நீங்க திருச்சி வரைக்கும் போறவங்கதானே சார்? அப்ப ஒரு ஒதவி பண்ணுங்க. முசிறி கைகாட்டின்னு கண்டக்டர் கத்துவாரு. அப்ப நான் தூங்கிட்டிருப்பேன். நல்ல தூக்கமாட்டத்தான் இருக்கும், வாயெல்லாம் பொளந்துட்டு. ரெண்டு தடவை கூப்பிட்டாலும் எந்திரிக்க மாட்டேன். நீங்க விடாதீங்க சார். தோளைப் புடிச்சு ஒலுக்கி எறக்கி விட்டுருங்க. நான் முழிச்சுட்டேதான் இருப்பேன்.